வால்பாறை மலையில் வீட்டோடு சேர்த்து விருந்தினர் தங்கும் அறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியைத் தாண்டி, ஆழியாறு சோதனைச் சாவடியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் மேட்டு நிலம். நடுவில் தேயிலை, இடையிடையே திட்டுத் திட்டாக மழைக்காடு, சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம் காடுகள். இந்த மேட்டில் சொந்த வீடு வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று அறைகளை விருந்தினருக்கு விடலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்காக எழுதியது இது. நாற்பது அறை ரிசார்ட் கட்ட நினைப்பவருக்கு இதில் வேலை இல்லை.

எத்தனை அறை போடலாமுங்க?

மூன்று. அதற்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டம் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை வரை அனுமதிக்கிறது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் மலையில் அறைக்கணக்கைத் தீர்மானிக்க வேண்டியது சட்டமும் அல்ல, முன்பதிவும் அல்ல. உங்கள் தண்ணீரும் கழிவுநீர்க் குழியும்தான். மூன்று அறையில் ஆறு விருந்தினர், வீட்டில் நான்கு பேர், ஆக பத்துப் பேர். ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு 1,350 லிட்டர் வர வேண்டும், அதே அளவு வெளியேயும் போக வேண்டும். பங்குனி, சித்திரையில் ஓடை இளைத்துக் கிடக்கும்போது இந்த அளவு உங்களுக்குக் கிடைக்கிறதா என்று வாளியும் கடிகாரமும் வைத்து அளந்து பாருங்கள். ஆடி மாத ஓடையைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள்தான் ஏப்ரலில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள்.

என்னென்ன அனுமதி வேண்டும்?

முதலில் நிலம். மேட்டின் பெரும்பகுதி எஸ்டேட் கையில் இருக்கிறது. எஸ்டேட் குடியிருப்பில் தங்கிக்கொண்டு அறை வாடகைக்கு விட முடியாது. பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் இது மலைப்பகுதி. புதிதாகக் கட்டுவதற்கோ, பெரிதாக மண் வெட்டிச் சமப்படுத்துவதற்கோ முன் ஊரில் ‘ஹாகா’ என்று சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும விதிகளைப் பார்த்தே ஆக வேண்டும். அடுத்து நகராட்சி அனுமதி, சுற்றுலாத் துறையில் பதிவு, சாப்பாடு கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. சமையலுக்கு வீட்டு சிலிண்டர் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரப் படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. முன்பதிவு உறுதி செய்யும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். சாவடியில் நின்று உங்களுக்குப் போன் செய்ய வைக்காதீர்கள்.

செப்டிக் டேங்க் எவ்வளவு பெரிசு கட்டணும்? ஏன் எல்லாருக்கும் மழையில் பொங்குது?

பத்துப் பேருக்கு இந்தியத் தர நிறுவனத்தின் கணக்குப்படி உள் அளவு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 1.4 மீட்டர். அதன் மேல் 30 சென்டிமீட்டர் காலி இடம். இந்த அளவில் கட்டினால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சகதி எடுத்தால் போதும். நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறையாக்கினால் இன்னும் நல்லது.

தொட்டியில் பிரச்சினை வருவது அரிது. வருவதெல்லாம் அதற்கு அடுத்துள்ள உறிஞ்சுகுழியில். சமவெளியில் பழகிய கொத்தனார் கோயமுத்தூரில் தோண்டுவது போலவே இங்கும் ஆழமாகத் தோண்டிவிடுவார். ஆடியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவரும்போது அந்தக் குழி உள்ளே உறிஞ்சாது. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே ஊறும். அதனால் கட்டுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி தோண்டி, எந்த உயரத்தில் தண்ணீர் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலேயே நின்றால் ஆழக்குழியை மறந்துவிட்டு, மேடாக்கிய மண் படுகையில் ஓட்டைக் குழாய் பதித்து, மேலே கல்வாழையும் வாழையும் நடுங்கள். குடிநீர் ஊற்றுக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஊற்று உங்கள் குழிக்குக் கீழ்ச் சரிவில் இருந்தால் 30 மீட்டர் விடுங்கள், உங்கள் ஊற்றாக இல்லாவிட்டாலும். கீழே தொழிலாளர் லயன் வீடுகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும்.

பொங்குவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள். ஒன்று, கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுலபம் என்று தொட்டியில் சேர்த்துவிடுவது. ஒரு நல்ல மழை போதும், சகதி முழுவதையும் அடித்துக்கொண்டு போய் உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். அடைத்த குழியைச் சரிசெய்ய முடியாது, புதிதாகத்தான் தோண்ட வேண்டும். இரண்டு, தினமும் ஆசிடும் பினாயிலும் ஊற்றிக் கழுவுவது. தொட்டியை வேலை செய்ய வைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். நாப்கினுக்கு மூடியுள்ள கூடை ஒவ்வொரு கழிப்பறையிலும் கட்டாயம். சமையல்கட்டுத் தண்ணீரை எண்ணெய் பிடிக்கும் சிறு தொட்டி வழியாக விட்டு வாழைப் பாத்திக்குத் திருப்புங்கள். அந்தத் தொட்டியின் மேல் படலத்தை வாரம் ஒருமுறை கரண்டியால் எடுக்க வேண்டும்.

இவ்வளவு மழை பெய்யும் ஊரில் மழைநீர் சேமிக்கணுமா?

கட்டாயம். பெருமழையில் மண் சரிந்து ஊற்றுக் குழாய் அறுந்துபோவது இங்கே வாடிக்கை. மூன்று நாளைக்கு, அதாவது 4,000 லிட்டருக்குத் தொட்டி வையுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர்; சிதறல் போக 850 வரை கைக்கு வரும். கூரையில் இலைச்சருகும் குரங்கு எச்சமும் இருப்பதால் முதல் தண்ணீரை ஒதுக்க வேண்டும். 6 அங்குலக் குழாயை 3 மீட்டர் செங்குத்தாக நிறுத்தி, அடியை மூடியால் அடைத்து, மூடியில் சிறு துளை போடுங்கள். அது 50 லிட்டருக்கு மேல் பிடிக்கும். நிரம்பிய பிறகு வரும் தண்ணீர்தான் தொட்டிக்குப் போகும். துளை வழியாக அது தானே வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். துளை அடைபட்டால் மொத்த ஏற்பாடும் வீண், ஆகவே வாரம் ஒருமுறை குத்திவிடுங்கள்.

குளோரின் போடுவதென்றால் 1,000 லிட்டருக்குப் பிளீச்சிங் பவுடர் 4 கிராம், ஒரு மணி நேரம் காத்திருப்பு. கலங்கிய தண்ணீரில் போட்டுப் பயனில்லை, முதலில் தெளியவிடுங்கள். குடிப்பதற்குக் கொதிக்கவைத்த தண்ணீர், செம்பு அல்லது கண்ணாடிக் குடுவையில். பாட்டில் தண்ணீர் அறையில் வைக்கவே வேண்டாம்.

வெந்நீருக்கு சோலார் போதுமா?

ஜனவரியில் போதும், ஜூலையில் போதாது. மழைமூட்டம் வாரக்கணக்கில் விலகாது. சோலாருடன் ஒரு விறகு பாய்லர் வையுங்கள். விறகு தோட்டத்தில் கவாத்து செய்த சில்வர் ஓக் கிளையாகவோ, பிடுங்கிப்போட்ட தேயிலைத் தூராகவோ இருக்கட்டும், பில்லோடு வாங்குங்கள். காட்டிலிருந்து ஒரு சுள்ளியும் வேண்டாம், காய்ந்து கிடந்தாலும் சரி.

ஷவரை விட வாளி நல்லது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 20 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குச் சூடாக்க 0.56 யூனிட் வேண்டும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் 64 லிட்டர், 1.8 யூனிட். பித்தளை அண்டா, சொம்பு, உட்கார ஒரு முக்காலி வைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் மனசாரக் குளிப்பார்கள்.

மின்வெட்டுக்கு 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று. விளக்குகளும் வைஃபையும் சேர்த்து 100 வாட் என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். அதில் கீசரையோ மிக்சியையோ போடக் கூடாது.

மெத்தை, சுவர் எல்லாம் பூஞ்சை பிடிக்குது. என்ன செய்ய?

வெளிச்சுவருக்குப் பளபளக்கும் பெயின்ட் அடித்திருந்தால் முதலில் அதைச் சுரண்டுங்கள். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்பக்கம் கறுப்பாகப் பூக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும். கட்டில், அலமாரி எதுவும் சுவரை ஒட்டக் கூடாது, நாலு விரல் இடைவெளி. பஞ்சு மெத்தைக்குப் பதில் அடியில் காற்றோட்டமுள்ள பலகைக் கட்டிலில் தென்னை நார் மெத்தை. படுக்கை விரிப்பு வெயில் காலத்தில் அறைக்கு மூன்று செட், மழையில் ஐந்து. பாய்லர் புகைபோக்கி போகும் சுவரை ஒட்டி ஒரு சின்ன உலர்த்தும் அறை கட்டினால் அந்த வீணாகும் சூட்டிலேயே துணி காயும். இது மட்டும் இருந்தால் ஆடி, ஆவணியில் விருந்தினருக்கு வாடையில்லாத போர்வை கொடுக்கலாம்.

யானை வருமா? வேலி போடலாமா?

வரும். அதன் வழியில்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம். பகலில் காட்டுத் திட்டிலும் ஆற்றோரத்திலும் நின்றுவிட்டு, இரவில் தேயிலை வழியாக அடுத்த திட்டுக்கு நடக்கும். நடக்கிற யானையை வீட்டுப் பக்கம் திருப்புவது வாசனை: அரிசி, உப்பு, வெல்லம், பழுத்த வாழை, பலா. ரேஷன் கடைச் சுவரும் சத்துணவுக்கூடச் சுவரும் இடிவது இதனால்தான். மளிகையை வெளிச்சுவர் இல்லாத உள் அறையில், இறுக்கமான மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். பலாவைப் பிஞ்சிலேயே பறித்துக் கூட்டு வைத்துவிடுங்கள். வீட்டை ஒட்டி வாழைத் தோப்பு வேண்டாம். கழிவுநீர்ப் பாத்தி வாழைக்கும் குலை தள்ளியதும் பூவையும் காயையும் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் கல்வாழை மட்டும் நடுங்கள்.

மனை முழுக்க வேலி போட்டால் யானை நிற்காது, பக்கத்து லயன் வீட்டு வழியாகச் சுற்றிப் போகும். உங்கள் ஆபத்தை அவர்கள் தலையில் வைக்கிறீர்கள். வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுப்பது குற்றம், கொலைக்குச் சமம்.

வால்பாறையில் நல்ல முன்னெச்சரிக்கை ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் வனவிலங்கு ஆய்வு அமைப்பின் ஆனந்தகுமார் குழுவினர் வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து அமைத்தது. யானை நிற்கும் இடம் குறுஞ்செய்தியாக வரும். முக்கிய இடங்களில் செல்போனால் இயக்கும் சிவப்பு விளக்கு எரியும். இந்தப் பணிக்கு 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. உங்கள் எண்ணை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டு, செய்தி வந்தால் விருந்தினரிடம் உடனே சொல்லுங்கள். பார்க்கக் கூட்டிப்போவதற்காக அல்ல, வெளியே போகாமல் இருப்பதற்காக.

சிறுத்தை?

மாலை ஆறு மணிக்கு மேல் குழந்தைகள் முற்றத்தில் விளையாடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். வீட்டைச் சுற்றிப் பத்து மீட்டருக்குப் புதர் இல்லாமல் வையுங்கள். கோழிக்கழிவை வெளியே கொட்டினால் நாயும் பன்றியும் வரும், அதற்குப் பின்னால் சிறுத்தையும் வரும். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் விருந்தினருக்கு அறை விடாதீர்கள்.

குரங்கு சமையல்கட்டுக்குள்ளேயே வருது. விரட்ட வழி?

எந்தக் குரங்கு என்று பாருங்கள். புதுத்தோட்டம் பக்கம் கூரையில் ஓடுவது சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வெடிப்பலாவும் அத்தியும் தின்று மரத்தைவிட்டு இறங்காமல் வாழ வேண்டிய பிராணி, பிஸ்கட்டுக்காகத் தார்ச்சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபடுகிறது. ஒரு விருந்தினர் கொடுக்கும் ஒரு வாழைப்பழம் போதும், அந்தக் கூட்டம் உங்கள் ஜன்னலை மறக்காது.

ஜன்னலுக்கு ஓர் அங்குலக் கட்டம் போட்ட வெல்டு மெஷ், கதவுக்குத் தானே மூடும் ஸ்பிரிங், குப்பைக் கூடைக்குக் கொக்கி. இந்த மூன்றும் முடிந்த பிறகு பதினைந்து இருபது நாள் வந்து பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். பட்டாசும் கவணும் வேண்டாம்.

குப்பையை என்ன செய்வது?

மலையில் குப்பைக்குப் போக்கிடம் இல்லை என்று வைத்துக்கொண்டு சாமான் வாங்குங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை. ஆனாலும் விருந்தினர் பையில் வரும். வந்தது அவர்களோடே இறங்கட்டும்: கிளம்பும்போது ஒரு துணிப்பையில் போட்டுக் கையில் கொடுங்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பொள்ளாச்சிக் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். ஷாம்பு பாக்கெட்டுக்குப் பதில் சீயக்காயும் சோப்பும் கிண்ணத்தில்.

மக்கும் குப்பைக்கு மூடியுள்ள சிமென்ட் உறை இரண்டு, கூரைக்கு அடியில். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு. சருகு குறைந்தால் நாறும், நாறினால் பன்றியும் கரடியும் வரும். மழைக்காலத்துக்கான சருகை மார்ச் மாதமே சாக்கில் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

வீட்டில் நீங்கள் சாப்பிடுவதை. குளிருக்கு அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும், செலவு ரசம், பச்சைப்பயிறு கடைசல், கொள்ளுப் பருப்பு, காலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும். பருப்பும் கொள்ளும் தேங்காயும் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வாரம் ஒரு நடையில் ஏறிவிடும், கெடாது. பத்து வகை மெனு அச்சடித்தால் ஃபிரீசர் வேண்டும், ஃபிரீசருக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் இல்லாத அன்று கறி குப்பைக்குப் போகும். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று முந்தின இரவே கேட்டுக்கொண்டு உலை வையுங்கள்.

நைட் சஃபாரி, கேம்ப்ஃபயர் கேட்கிறார்களே, மறுத்தால் கூட்டம் குறையாதா?

அந்தக் கூட்டம் குறையும், குறையட்டும். இரவில் வண்டியில் போய் டார்ச் அடித்துக் காட்டுமாட்டைத் தேடுவது சட்டப்படி தவறு. வெளிச்சத்தில் கண் கூசி நிற்கும் விலங்குக்குக் கொடுமை. திரும்பும் வழியில் யானை நின்றால் உயிருக்கே ஆபத்து. திறந்த வெளியில் தீ வேண்டாம், டிரோன் வேண்டாம், வெளியே ஸ்பீக்கர் வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி விதி எல்லா ஊருக்கும் உள்ளதுதான்; இங்கே ஏழு மணிக்கே அமைதி கேளுங்கள்.

வந்த பிறகு சொன்னால் சண்டை. முன்பணம் வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: “எங்கள் வீடு காட்டை ஒட்டியது. மாலை 6-க்கு மேல் வெளியே நடக்க முடியாது. வெளியில் பாட்டு, தீ, மது இல்லை. விலங்குகளுக்கு உணவு தரக் கூடாது. கூழாங்கல் ஆற்றிலும் அணைகளிலும் இறங்கிக் குளிக்க நாங்கள் வழிகாட்ட மாட்டோம். சம்மதம் என்றால் பதில் அனுப்புங்கள், பிறகு பணம் அனுப்பலாம்.” ஆற்றைப் பற்றிய வரியை நீக்கிவிடாதீர்கள். மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் ஏறும், பாறை வழுக்கும், சமவெளிப் பிள்ளைகள் பலர் இந்த ஆறுகளில் உயிரை விட்டிருக்கிறார்கள்.

விளக்கும் இதில் சேரும். முற்றத்தில் கீழ்நோக்கிய மூடியுள்ள, மஞ்சள் நிற, 5 வாட் விளக்கு, ஆள் நடந்தால் மட்டும் எரியும் சென்சாரோடு. ராத்திரி முழுக்க எரியும் வெள்ளை ஃபிளட் லைட் விட்டில் பூச்சிகளைக் கொல்லும். விருந்தினருக்கு இந்த மலை தரக்கூடிய இருட்டும் அதோடு போய்விடும்.

இருவாச்சி, வரையாடு காட்ட முடியுமா?

வரையாட்டை ஆழியாறு சாலையின் ஒன்பதாம் வளைவுக் காட்சிமுனைப் பக்கம் பலரும் பார்க்கிறார்கள். வண்டியைவிட்டு இறங்கி விரட்டிப் படமெடுக்காமல் இருந்தால் போதும். மலை இருவாச்சி வேறு கதை. கோடைக்கு முன் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். ஆண் கொண்டுவரும் பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் வராது, உள்ளே பட்டினி. அதனால் கூட்டு மரத்தை யாருக்கும் காட்டாதீர்கள், படத்தோடு இடம் போடவும் விடாதீர்கள். பழுத்த அத்தி மரத்தைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். ஒலிப்பதிவு போட்டுப் பறவையை வரவழைப்பது கூடாது.

வழிகாட்டியாகக் காடர், மலசர் சமூகத்து ஆட்களை அழைத்தால் கூலியைப் புறப்படும் முன்பே முழுதாகக் கொடுங்கள். டிப்ஸை நம்பி விடுவது மரியாதையல்ல.

அட்டை, பாம்பு?

அட்டைக்கு முழங்கால் வரை நெருக்கமாக நெய்த துணிக் காலுறை, பேன்ட்டுக்கு மேலே. அறைக்கு இரண்டு ஜோடி தைத்து வையுங்கள். கடித்தால் நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளி எடுத்துவிடலாம். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது செலுத்துவதால் கசிவு சற்று நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம். வாசலில் உப்புக் கொட்டாதீர்கள்: மண்ணும் கெடும், யானையும் வரும்.

பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்கு. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. மலையில் உள்ள குழிவிரியன்களுக்கு அது பொருந்தாது, ஆகவே தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தால் மருத்துவருக்கு உதவும். படத்துக்காக நேரம் கடத்தக் கூடாது.

வாடகை எப்படி வைப்பது?

வருடத்தில் 52 வாரம், வாரத்துக்கு இரண்டு இரவு, மூன்று அறை: 312 அறை-இரவுகள். சமவெளிக்காரர்கள் சனி ஞாயிறுதான் வருவார்கள், ஆகவே 300 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மூடுவதென்றால் அந்த வாரங்களையும் கழித்துக் கணக்குப் போடுங்கள். பராமரிப்பு, சம்பளம், வரி, தேய்மானம் எல்லாம் வருடத்துக்கு 4.5 லட்சம் ஆகிறது என்றால், ஓர் இரவுக்கு அறைக்கு 1,500 ரூபாய் அடக்கம். சாப்பாடும் உங்கள் குடும்ப உழைப்பும் இதற்கு மேல். வார நாளில் வருவது உபரி என்று நினைத்தால் கடன் வாங்க வேண்டி வராது. வங்கிக் கடனில் நாலாவது அறை கட்டியவர்கள்தான் கேம்ப்ஃபயருக்குச் சம்மதிக்கிறார்கள்.

தோட்டத்தில் என்ன மரம் நடலாம்?

நாவல், கருங்குங்கிலியம், வெடிப்பலா, நாங்கு, காட்டு அத்தி. ஜூன் மழை பிடித்ததும் இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டு, மூன்று வருடம் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை களை எடுங்கள். நட்டதைவிட களை எடுப்பதில்தான் செடி பிழைக்கும். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குங்கள், அழகுக்காகக்கூட வைக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் மூடிவிடலாமா?

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை மூடுவதே நல்லது என்போம். தமிழ்நாட்டில் மிக அதிக மழை வாங்கும் இடங்களில் இந்த மேட்டிலுள்ள சின்னக்கல்லாறும் ஒன்று. சாலையில் மரமும் மண்ணும் விழும். அந்த மாதங்களில் கூரை, குழாய், மர வேலைகளைப் பாருங்கள். திறந்தே வைப்பதென்றால் சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தருவோம் என்று எழுதிவையுங்கள். பணம் போய்விடுமே என்று மழையில் கிளம்பும் குடும்பத்தை அந்த ஒரு வரி வீட்டிலேயே இருக்க வைக்கும். எந்த மாதமானாலும் மாலை நான்கு மணிக்குள் ஆழியாறு தாண்டிவிடச் சொல்லுங்கள். அதிரப்பள்ளி, மழுக்கப்பாறை வழியாக வருவோர்க்குக் காட்டுச்சாலை நீளம் அதிகம், மதியமே கிளம்ப வேண்டும்.